திரும்பி வா என்று யாரும் சொல்லவில்லை

(வாசகசாலை ஒன்றின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1905ஆம் ஆண்டு மே மாதக் கடைசி. படிப்புக்காக இங்கிலாந்து வந்திறங்கிய பதினைந்து வயதுப் பையன் ஒருவன் டோவரிலிருந்து லண்டனுக்கு ரயிலில் போகிறான். வழியில் செய்தித்தாள் பார்க்கிறான். சுஷிமா நீரிணையில் ஜப்பானியக் கடற்படை ரஷ்யக் கப்பல்களை அழித்துவிட்டது என்று போட்டிருக்கிறது. பையனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. அந்தப் பையன் ஜவாஹர்லால் நேரு. இதைத் தம் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார்.

அன்றைக்கு ஆசியா முழுக்க அதே உற்சாகம்தான். ஐரோப்பியப் பேரரசு ஒன்றை ஆசிய நாடு ஒன்று நேருக்கு நேர் நின்று வீழ்த்திவிட்டது. இனி நம்மாலும் முடியும் என்ற நினைப்பு கல்கத்தாவிலும் புனேயிலும் சென்னையிலும் ஒரே நேரத்தில் முளைவிட்டது. பாரதி 1904 நவம்பரில் சுதேசமித்திரனில் உதவியாசிரியராகச் சேர்ந்தார். ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவது அவருடைய வேலைகளில் ஒன்று. அவர் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்த மாதத்தில், நான் இன்று பேசப்போகிற கப்பல்கள் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையோரமாக ஊர்ந்துகொண்டிருந்தன.

நம் முன்னோர்களின் அந்தச் சந்தோஷத்தைக் குறைசொல்ல நான் வரவில்லை. அடிமைப்பட்ட நாட்டில் பிறந்தவர்களுக்கு அது நியாயமான சந்தோஷம். ஆனால் தோற்றுப்போன கப்பல்களுக்குள்ளே இருந்தவர்கள் யார், அவர்களை யார் அனுப்பினார்கள், எதற்காக அனுப்பினார்கள் என்று நாம் கேட்டதில்லை. வெற்றிக் கதையைக் கேட்டோம், கைதட்டினோம், எழுந்து போய்விட்டோம். 5000 பேர் அன்று கடலுக்குள் போனார்கள். இந்த ஒரு மாலை அவர்கள் பக்கம் உட்கார்ந்து பார்ப்போம் என்றுதான் உங்களை அழைத்திருக்கிறேன்.

போரின் தொடக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மஞ்சூரியாவும் கொரியாவும் யாருக்கு என்ற போட்டியில் 1904 பிப்ரவரியில் ஜப்பான், போர்ட் ஆர்தர் துறைமுகத்தில் நின்ற ரஷ்யக் கப்பல்களை இரவில் தாக்கியது. ரஷ்யாவின் திறமையான தளபதி மகாரோவ் ஏப்ரலில் கண்ணிவெடியில் கப்பலோடு மூழ்கினார். போர்ட் ஆர்தர் கடலிலும் தரையிலும் முற்றுகைக்குள்ளானது. அங்கே அகப்பட்டுக்கொண்ட கப்பல்களைக் காப்பாற்ற, உலகின் மறுகோடியிலிருக்கும் பால்டிக் கடலிலிருந்து இன்னொரு படையை அனுப்புவது என்று ஜார் மன்னர் இரண்டாம் நிக்கலாஸின் அரசு முடிவெடுத்தது. அதற்குத் தளபதி ஜினோவி ரோஜெஸ்த்வென்ஸ்கி. 1902இல் ஜாரும் ஜெர்மன் கைஸரும் பார்க்க ரேவல் துறைமுகத்தில் பீரங்கிப் பயிற்சி நடத்திக் காட்டிப் பேர் வாங்கியவர். வெடுக்கென்று கோபப்படுகிறவர், கடுமையாக உழைக்கிறவர், கைநீட்டிக் காசு வாங்காதவர். அவரைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு அவர்மேல் வெறுப்பு வரவில்லை. இரக்கம்தான் வந்தது.

1904 அக்டோபர் 15. இன்றைய லாட்வியாவிலிருக்கும் லிபாவு துறைமுகத்திலிருந்து கப்பல்கள் கிளம்பின. போகவேண்டிய தூரம் சுமார் 18,000 கடல் மைல், அதாவது 33,000 கிலோமீட்டர். இந்த வழி நெடுக ரஷ்யாவுக்குச் சொந்தமாக ஒரு துறைமுகம்கூடக் கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் துன்பங்களில் பாதி இதிலிருந்து பிறந்தவை.

படையின் முதுகெலும்பு நான்கு புதிய போர்க்கப்பல்கள்: சுவோரோவ், மூன்றாம் அலெக்ஸாந்தர், போரோதினோ, ஓரியோல். இவை அவசர அவசரமாகக் கட்டி முடிக்கப்பட்டவை. ஓரியோல் கிளம்புவதற்குச் சில மாதம் முன்புதான் துறைமுகத்தில் நின்ற இடத்திலேயே தண்ணீர் புகுந்து தரைதட்டி, பிறகு தூக்கி நிறுத்தப்பட்டது. திட்டத்தில் எழுதியதைவிடக் கட்டிமுடித்த எடை கூடிப்போயிருந்தது. கப்பலின் பக்கவாட்டில் இரும்புக் கவசம் ஒன்று பட்டையாக ஓடும். எதிரியின் குண்டு நீர்மட்டத்தில் பட்டால் காப்பது அதுதான். பாரம் ஏற ஏறக் கப்பல் தாழும், அந்தப் பட்டை தண்ணீருக்குள் போய்விடும். கவசம் மீனுக்குக் காவல் காக்கும். மேலே இருக்கிற மெல்லிய தகடுதான் குண்டை வாங்கும். இதைக் கப்பலில் வந்த பொறியாளர்கள் எல்லோரும் அறிந்திருந்தார்கள்.

ஏறியவர்களில் பெரும்பகுதி கிராமத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். கடலைப் பார்த்திராதவர்கள் பலர். வயதாகி ஊருக்குப் போனபின் மறுபடி கூப்பிடப்பட்டவர்கள் சிலர். கிளம்பும் முன் நடந்த ஒரு விருந்தில் எல்லோரும் வெற்றி, வெற்றி என்று பேசிக்கொண்டிருக்க, மூன்றாம் அலெக்ஸாந்தர் கப்பலின் தலைவர் புக்வோஸ்தொவ் எழுந்து, வெற்றி எங்கள் கையில் இல்லை, ஆனால் சரணடைய மாட்டோம், சாகத் தெரிந்தவர்கள் நாங்கள் என்ற கருத்தில் பேசியிருக்கிறார். போகிறவனுக்குத் தெரிந்திருக்கிறது. வழியனுப்புகிறவனுக்குத்தான் தெரியவில்லை.

கிளம்பிய ஒரு வாரத்திலேயே கெட்டது நடந்தது.

வடகடலில் ஜப்பானிய டார்பிடோ படகுகள் பதுங்கியிருக்கின்றன என்று ஒரு வதந்தி கப்பல்களுக்குள் பரவியிருந்தது. ஜப்பான் எங்கே, வடகடல் எங்கே என்று நமக்குக் கேட்கத் தோன்றுகிறது. பயந்தவனுக்கு அந்தக் கணக்கெல்லாம் வராது. பின்தங்கிப்போன கம்சாத்கா என்ற பழுதுபார்ப்புக் கப்பல், தன்னைப் படகுகள் துரத்துவதாகச் செய்தி அனுப்பியது. அக்டோபர் 21ஆம் தேதி நள்ளிரவு, டாகர் மணல்திட்டுப் பக்கம் மூடுபனிக்குள் சிறு சிறு விளக்குகள் தெரிந்தன. தேடொளி விளக்கைப் போட்டார்கள், சுடத் தொடங்கினார்கள்.

அவை இங்கிலாந்தின் ஹல் ஊரிலிருந்து வந்த மீன்பிடிப் படகுகள். வெளிச்சம் கண்ணைக் கூசவைக்க, தளத்தில் நின்ற மீனவர்கள் தாங்கள் யார் என்று காட்ட வேறு வழியில்லாமல், கையிலிருந்த மீன்களைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார்கள். இதை அவர்கள் பின்னால் சாட்சியமாகவே சொன்னார்கள். மீனைத் தூக்கிப் பிடித்த கைகளை நோக்கித்தான் குண்டு வந்தது. கிரேன் என்ற படகு மூழ்கியது. அதன் தலைவரும் இன்னொருவரும் அங்கேயே இறந்தார்கள். பலருக்குக் காயம். அந்தக் குழப்பத்தில் ரஷ்யக் கப்பல்கள் தங்களுடைய அவ்ரோரா கப்பலையே சுட்டன. அதிலிருந்த பாதிரியார் அடிபட்டுப் பிறகு இறந்தார். இந்தப் பயணத்தின் முதல் சாவுகளில் ஒன்று சொந்தக் குண்டால் வந்த சாவு.

கடலுக்கு வலைபோடப் போனவன் குண்டடிபட்டுத் திரும்பினால் கரையில் என்ன நடக்கும் என்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. நம் கடற்கரை ஊர்களில் அந்த அழுகை கேட்டிருக்கிறது. ஹல் நகரில் ஹெஸ்ல் சாலையில் இறந்த மீனவர்களின் நினைவாகச் சிலை எழுப்பி 1906இல் திறந்தார்கள். கை உயர்த்தி நிற்கிற சிலை.

பிரிட்டன் கொதித்தது. போர் மூளும் நிலை. பிரிட்டிஷ் கப்பல்கள் ரஷ்யப் படையைப் பின்தொடர்ந்தன. பாரிஸில் விசாரணைக் குழு கூடியது. ரஷ்யா 66,000 பவுன் நஷ்டஈடு கொடுத்தது. பணத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. பிரிட்டன் 1902 முதலே ஜப்பானுக்கு உடன்படிக்கை நண்பன். உலகக் கடல்வழிகளின் கரித்துறைகள், ஜிப்ரால்டர், ஏடன், கொழும்பு, சிங்கப்பூர் என்று வரிசையாக அதன் கையில்தான். இனி எந்தக் கதவும் திறக்காது.

இப்போது கரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச அனுமதி கொடுங்கள். சண்டையைப் பற்றி எழுதிய புத்தகங்கள் இதைக் கடந்து போய்விடுகின்றன. என் பார்வையில் இந்தப் பயணமே கரிதான்.

அந்தக் காலத்துப் போர்க்கப்பல் கரியைத் தின்று ஓடும். நடுநிலை நாட்டுத் துறைமுகத்தில் போரிடும் நாட்டுக் கப்பல் அதிக நேரம் நிற்கக் கூடாது, விருப்பப்படி கரி ஏற்றக் கூடாது. ஆகவே ரஷ்யா ஹாம்பர்க்–அமெரிக்கா நிறுவனத்தின் கரிக்கப்பல்களை வாடகைக்கு அமர்த்தி வழியில் ஆங்காங்கே காத்திருக்கவைத்தது. அடுத்த கரி எப்போது கிடைக்கும் என்ற நிச்சயம் இல்லாததால், கிடைக்கும்போதெல்லாம் கப்பல் கொள்ளுவதைவிட எவ்வளவோ கூடுதலாக ஏற்றும்படி தளபதி கட்டளையிட்டார். கரிக்கிடங்கு நிரம்பியபின் மேல்தளத்தில் கொட்டினார்கள். பீரங்கிகளுக்கு நடுவில், சாப்பிடும் இடத்தில், படுக்கும் இடத்தில், அதிகாரிகளின் அறைகளில்கூட மூட்டை மூட்டையாக அடுக்கினார்கள்.

டக்கார் துறைமுகத்தில் இது முதலில் நடந்தது. மேற்கு ஆப்பிரிக்க வெயில். அந்தப் பையன்கள் பனியில் வளர்ந்தவர்கள். கரித்தூள் பறந்து கதவு, சன்னல், பீரங்கி வாய் எதையும் விடாமல் புகும் என்பதால் எல்லாவற்றையும் அடைத்துவைப்பார்கள். உள்ளே அடுப்புக்குள் இருப்பதுபோல இருக்கும். தூளை விழுங்காமல் இருக்கப் பல்லுக்கு நடுவே கழிவுப்பஞ்சைக் கடித்துக்கொண்டு மூச்சு விடுவார்கள். மாலுமி, அதிகாரி என்ற வித்தியாசமில்லாமல் எல்லோரும் சுமந்தார்கள். இளம் அதிகாரி ஒருவர் வெப்பம் தாங்காமல் அங்கேயே இறந்தார். ஏற்றி முடித்த பிறகு வியர்வையில் ஒட்டிய கரியைக் கழுவ நல்ல தண்ணீர் கிடையாது, உப்புத் தண்ணீர்தான். இரண்டொரு நாள் ஓய்ந்து, சிலநூறு மைல் போனால் மறுபடி இதே வேலை. காபோன், போர்த்துக்கீசிய அங்கோலா, ஜெர்மன் தென்மேற்கு ஆப்பிரிக்கா என்று போகிற கரையெல்லாம் இப்படித்தான்.

இதையெல்லாம் நமக்குச் சொன்னவர் ஒருவர் இருக்கிறார். யூஜின் பொலிதோவ்ஸ்கி. படையின் தலைமைக் கப்பல்கட்டும் பொறியாளர், சுவோரோவில் தளபதியோடு வந்தவர், முப்பது வயதை ஒட்டியவர். எந்தக் கப்பலில் சுக்கான் உடைந்தாலும், எந்தக் கொதிகலன் கசிந்தாலும், படகில் ஏறி அலையில் ஆடிப்போய் அவர்தான் சரிபண்ண வேண்டும். முக்குளிப்பவர்களைக் கீழே இறக்கிவிட்டு மேலே காத்திருக்க வேண்டும். இரவு வந்து மனைவிக்குக் கடிதம் எழுதுவார். அநேகமாகத் தினமும். அந்தக் கடிதங்களில் வீரவசனம் தேடினால் கிடைக்காது. வெக்கை, தூக்கமின்மை, ஈரத்தில் பூஞ்சை பிடித்த பொருட்கள், உன்னிடமிருந்து கடிதம் வரவில்லையே என்ற ஏக்கம், இதெல்லாம் ஏன் என்ற கேள்வி, இவைதான் திரும்பத் திரும்ப வரும். படிக்கிற நமக்கே கையில் கரி ஒட்டினாற்போல இருக்கும்.

பெரிய கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்தன. சிறியவை ஃபெல்கர்சாம் என்ற துணைத்தளபதியோடு சூயஸ் வழியாக வந்தன. டிசம்பர் இறுதியில் பெரிய கப்பல்கள் மடகாஸ்கரை எட்டின. அங்கே இருந்தபோது செய்தி வந்தது: 1905 ஜனவரி 2ஆம் தேதி போர்ட் ஆர்தர் சரணடைந்துவிட்டது. அங்கிருந்த ரஷ்யக் கப்பல்களை 203 மீட்டர் குன்றைப் பிடித்த ஜப்பானியர்கள் டிசம்பரிலேயே பீரங்கியால் சுட்டு மூழ்கடித்திருந்தார்கள்.

யாரைக் காப்பாற்றப் புறப்பட்டார்களோ அவர்கள் இல்லை. எந்தத் துறைமுகத்துக்குப் போகவேண்டுமோ அது எதிரியின் கையில். இந்த இடத்தில் பயணம் முடிந்திருக்க வேண்டும். இதைச் சொல்லத்தான் நான் இவ்வளவு தூரம் பேசிக்கொண்டு வந்தேன். பாதி வழி இன்னும் மிச்சம். ஒரு தந்தி போதும். இரண்டே சொல்: திரும்பி வா.

அந்தத் தந்தி வரவில்லை. போர்ட் ஆர்தர் விழுந்து இருபது நாள் கழித்துத் தலைநகரில் மனுக்கொடுக்க ஊர்வலமாக வந்த தொழிலாளர்களை ஜாரின் படை சுட்டுத்தள்ளியது. நாடு கொந்தளிக்கும்போது கப்பல்களைத் திருப்பினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற கவலை அரண்மனைக்கு. இருக்கிற படையைக் கொண்டு கடலாதிக்கம் பெற வழியில்லை, அதிகபட்சம் ரஷ்யாவின் விளாதிவோஸ்தோக் துறைமுகத்துக்குள் நுழைய முயலலாம் என்று ரோஜெஸ்த்வென்ஸ்கி தெரிவித்தார். மறுமொழியாக வந்தது, உதவிக்கு மேலும் கப்பல்கள் வருகின்றன, காத்திரு என்ற உத்தரவு. நிக்கோலாய் க்ளாதோ என்ற கடற்படை அதிகாரி பத்திரிகையில் எழுதி எழுதி, பால்டிக்கில் மிச்சமிருக்கும் பழைய கப்பல்களையும் அனுப்பவேண்டும் என்று மக்களைக் கிளப்பிவிட்டிருந்தார். கரைக்காவலுக்குக் கட்டிய சின்னக் கப்பல்கள் அவை. மாலுமிகள் அவற்றுக்கு வைத்த பேர் ‘தானே மூழ்கி’. நெபொகாதொவ் என்ற தளபதி அவற்றை அழைத்துக்கொண்டு பிப்ரவரியில் கிளம்பினார்.

மடகாஸ்கரின் நோசி பே தீவில் படை இரண்டு மாதத்துக்கு மேல் கிடந்தது. அழகான விரிகுடா. ஆனால் அந்த இரண்டு மாதம்தான் மனிதர்களை உள்ளிருந்து தின்றது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மழை. குளிர்ப்பதனக் கப்பலில் எந்திரம் கெட்டு, அதிலிருந்த இறைச்சி அழுகி, கடலில் கொட்டினார்கள். சவ அடக்கம் அடிக்கடி நடந்தது. பொழுதுபோகாத பையன்கள் கரையிலிருந்து குரங்கும் கிளியும் பச்சோந்தியும் வாங்கிவந்து கப்பலில் வளர்த்தார்கள். இதை வேடிக்கையாக எழுதியவர்கள் உண்டு. எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை. வீட்டிலிருந்து தபால் வராத பையன், உயிருள்ள ஏதோ ஒன்று தன் கையில் இருக்கட்டும் என்று குரங்குக்குட்டியை மார்போடு அணைத்துக்கொள்கிறான். அவ்வளவுதான். கலகமும் குடியும் கூடின. சுடும் பயிற்சிக்குக் கப்பல்கள் சில தடவை வெளியே போயின. குறி தப்பிக்கொண்டே இருந்தது. பயிற்சிக்கென்று போதுமான குண்டுகள் வரவில்லை. கையிலிருப்பதைப் பயிற்சியில் செலவிட்டால் சண்டைக்கு இல்லை. தளபதி தம் அறைக்குள் நோயாகப் படுத்துவிட்டார்.

மார்ச் 16ஆம் தேதி, நெபொகாதொவுக்குக் காத்திராமல் அவர் கப்பல்களைக் கிளப்பினார். அதன்பின் மூன்று வாரம் உலகத்துக்கு அவர்கள் எங்கே என்று தெரியாது. இந்தியப் பெருங்கடலை ஒரு துறைமுகத்தையும் தொடாமல் கடந்தார்கள். நடுக்கடலில் நின்று, படகுகளை இறக்கி, கரிக்கப்பலிலிருந்து மூட்டை மூட்டையாகக் கரி மாற்றினார்கள். சின்னப் போர்ப்படகுகளைச் சரக்குக் கப்பல்கள் கயிறு கட்டி இழுத்துவந்தன. கயிறு அறும், எந்திரம் நிற்கும், படை மொத்தமும் நிற்கும், பொலிதோவ்ஸ்கி படகில் ஏறுவார். கப்பலோட்டத்தின் வரலாற்றில் இதற்கு முன் இந்த அளவு கப்பல்கள் இப்படி வந்ததில்லை. அதைச் சாதித்தவர்களுக்கு நாம் ஒரு வணக்கம் சொல்லத்தான் வேண்டும்.

ஏப்ரல் 8ஆம் தேதி பட்டப்பகலில் சிங்கப்பூருக்கு எதிரே அந்தக் கப்பல்கள் வரிசையாகத் தோன்றின. நாற்பதுக்கு மேற்பட்ட கப்பல்கள், வானம் மறையும் கரும்புகை, அடிப்பாகத்தில் பாசியும் கடற்பூண்டும் தாடிபோலத் தொங்க. ஊரே கரைக்கு ஓடிவந்து பார்த்தது. அந்தக் காலத்துச் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் நம்மவர்களும் வேலைசெய்தார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போன யாரோ ஒருவர், தோளில் துண்டோடு, கையை நெற்றியில் வைத்து அந்தப் புகையைப் பார்த்திருப்பார் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. ரஷ்யத் தூதர் சிறு படகில் நெருங்கிவந்து, மஞ்சூரியாவில் முக்தென் போரில் ரஷ்யத் தரைப்படை தோற்றுவிட்டது என்று கத்திச் சொன்னார். கப்பல்கள் நிற்கவில்லை.

வியட்நாம் கரையில், கேம் ரானிலும் வான் ஃபோங்கிலுமாக, ஒரு மாதம். ரஷ்யாவின் நட்பு நாடான பிரான்ஸ்கூட ஜப்பானுக்கும் பிரிட்டனுக்கும் அஞ்சி அவர்களைத் துரத்திக்கொண்டே இருந்தது. மே 9ஆம் தேதி நெபொகாதொவ் வந்து சேர்ந்தார். எங்கெங்கோ சுற்றி வந்தவரைத் தளபதி அரைமணி நேரம்போலப் பார்த்தார். போர்த் திட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மறுபடி அவர்கள் சந்திக்கவும் இல்லை.

இன்னொன்றையும் நெபொகாதொவிடம் மறைத்தார்கள். துணைத்தளபதி ஃபெல்கர்சாம் நோயில் கிடந்து, சண்டைக்குச் சில நாள் முன்பு ஓஸ்லாப்யா கப்பலில் இறந்துபோனார். மாலுமிகள் மனம் தளர்ந்துவிடுவார்கள் என்று செய்தியை அடக்கிவைத்தார்கள். உடல் சவப்பெட்டியில், கொடிமரத்தில் அவருடைய கொடி பறந்தபடியே இருந்தது. தளபதி விழுந்தால் அடுத்த பொறுப்பு நெபொகாதொவுக்கு. அது அவருக்கே தெரியாது. இறந்த மனிதரின் கொடியின் கீழ் ஒரு படைப்பிரிவு போருக்குப் போனது.

மே 27 அதிகாலை. மூடுபனி. மருத்துவக் கப்பல் சட்டப்படி தன் விளக்குகளை எரியவிட்டபடி வந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தை ஷினானோ மாரு என்ற ஜப்பானியக் கப்பல் பார்த்துவிட்டது. கம்பியில்லாத் தந்தியில் செய்தி ஜப்பானியக் கடற்படைத் தளபதி டோகோவுக்குப் போனது.

சண்டையை நான் நீட்டப்போவதில்லை. அதைப் படம்போட்டு விளக்கும் நூல்கள் நிறைய இருக்கின்றன. பிற்பகல் இரண்டு மணியை ஒட்டித் தொடங்கியது. ஜப்பானியக் கப்பல்கள் வேகமானவை, பழுது நீக்கிப் பயிற்சி முடித்து வீட்டுவாசலில் காத்திருந்தவை. ரஷ்யக் கப்பல்களோ கரிப் பாரத்தில் தாழ்ந்து, பாசியை இழுத்துக்கொண்டு, ஏழு மாத அலுப்போடு வந்தவை. மூன்று மணிக்குச் சற்றுப் பின் ஓஸ்லாப்யா சரிந்து மூழ்கியது. அந்தச் சவப்பெட்டியும் கூடவே போனது. சுவோரோவ் சுக்கான் இழந்து, தீப்பிடித்து, வட்டமிடத் தொடங்கியது. தலையில் அடிபட்டு நினைவு தடுமாறிய ரோஜெஸ்த்வென்ஸ்கியைச் சிறு போர்க்கப்பல் ஒன்று நெருங்கிவந்து ஏற்றிக்கொண்டு போனது. மாலை ஏழு மணிக்குச் சற்று முன் மூன்றாம் அலெக்ஸாந்தர் கவிழ்ந்தது. விருந்தில் உண்மை பேசிய புக்வோஸ்தொவ் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அவரோடு எண்ணூறுக்கும் மேற்பட்டோர். பிழைத்தவர்கள் நான்கு பேர். அரைமணி கழித்து போரோதினோ வெடித்தது. எண்ணூறுக்கு மேற்பட்ட ஆட்களில் ஒரே ஒரு மாலுமி, செமியோன் யூஷ்சின், பீரங்கித் திறப்பு வழியாக வெளியே வந்து, இருட்டில் மிதந்து, ஜப்பானியக் கப்பலால் தூக்கியெடுக்கப்பட்டார்.

சுவோரோவ் தனியாக எரிந்துகொண்டிருந்தது. கொடிமரம் இல்லை, புகைபோக்கி இல்லை. பின்பக்கத்திலிருந்த ஒரு சிறிய பீரங்கி மட்டும் விடாமல் சுட்டுக்கொண்டிருந்ததாக எதிரிகளே எழுதிவைத்திருக்கிறார்கள். ஏழரை மணிக்கு டார்பிடோ அதை முடித்தது. தளபதியோடு இறங்கியவர்கள் சுமார் இருபது பேர். இறங்காதவர்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. பொலிதோவ்ஸ்கி இறங்காதவர்களில் ஒருவர்.

மறுநாள் காலை. நான்கு கப்பல்கள் நெபொகாதொவோடு மிச்சம். சுற்றிலும் ஜப்பானியக் கடற்படை முழுவதும், ரஷ்யப் பீரங்கி எட்டாத தூரத்தில். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பையன்கள் தளத்தில் நின்று அவரைப் பார்க்கிறார்கள். இதற்காக என்னைச் சுட்டுக் கொல்வார்கள், கொல்லட்டும், நீங்கள் இளைஞர்கள், நீங்கள் ஊர் திரும்புங்கள் என்ற பொருளில் பேசிவிட்டு அவர் சரணடைதல் கொடியை ஏற்றினார். அந்தப் பயணம் தொடங்கியதிலிருந்து ‘ஊருக்குப் போங்கள்’ என்று அவர்களிடம் சொன்ன ஒரே அதிகாரக் குரல் அதுதான். 1906இல் இராணுவ நீதிமன்றம் அவருக்கு மரணதண்டனை விதித்தது. பிறகு பத்தாண்டுச் சிறையாகக் குறைத்தார்கள். பழி முழுவதும் என்னுடையது என்று நீதிமன்றத்தில் ஏற்றுக்கொண்ட ரோஜெஸ்த்வென்ஸ்கியை விடுவித்தார்கள். அவர்களை அங்கே அனுப்பி, நடுவழியில் திருப்பாமல் விட்ட அரண்மனையை யாரும் கூண்டில் ஏற்றவில்லை.

கிளம்பிய கப்பல்களில் விளாதிவோஸ்தோக் போய்ச் சேர்ந்தவை மூன்று. ஒரு சிறு குரூஸரும் இரண்டு டெஸ்ட்ராயர்களும். ரஷ்யர்களில் இறந்தவர்கள் ஏறக்குறைய 5000, சிறைப்பட்டவர்கள் சுமார் 6000. ஜப்பானியர்களில் இறந்தவர்கள் 117 பேர். அவர்களுக்கும் அம்மா இருந்தாள். டோகோ மருத்துவமனைக்குப் போய், கட்டுப்போட்டுப் படுத்திருந்த ரோஜெஸ்த்வென்ஸ்கியின் கட்டிலருகே உட்கார்ந்து ஆறுதல் சொன்னார். கடலில் வேலை செய்தவர்களுக்குக் கடலில் தோற்றவனின் வலி தெரியும்.

பொலிதோவ்ஸ்கியின் கடைசிக் கடிதங்கள் மே மாதத்தில் எழுதியவை. அந்நாளில் கிழக்காசியக் கரையிலிருந்து ரஷ்யாவுக்குத் தபால் போய்ச்சேர வாரக்கணக்கில் ஆகும். அப்படியானால் கணவர் கடலுக்கடியில் போன பிறகும் தபால்காரர் அந்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்க வேண்டும். உறையைப் பிரித்தால், உடம்பு சரியில்லை, வெக்கை தாங்கவில்லை, உன் கடிதம் இன்னும் வரவில்லை என்றுதான் அதே பழைய கையெழுத்து சொல்லியிருக்கும். அந்தக் கடிதங்கள் 1906இல் ‘லிபாவிலிருந்து சுஷிமாவுக்கு’ என்ற பெயரில் புத்தகமாக வெளிவந்தன.

நான் வைத்திருப்பது ஆங்கிலப் பதிப்பின் மறுஅச்சு. ஓரங்களில் என் பென்சில் குறிகள் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இதை இந்த வாசகசாலைக்கே கொடுத்துவிட்டுப் போகிறேன். எடுத்துப்போகிறவர்கள் சண்டையைத் தேடிக் கடைசிப் பக்கத்துக்குப் போகவேண்டாம், அங்கே அது இருக்காது. அவர் எழுதிக்கொண்டிருந்தவரை சண்டை வரவில்லை. நோசி பே பக்கங்களை முதலில் படியுங்கள். அங்கே பக்கத்துக்குப் பக்கம் அவர் தபால் கப்பலை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்.